ஒற்றைக் கொட்டை விட்ட பழம்

பெனிட்டாவும் வனிதாவும் காய் விட்டுக்கொண்டார்கள். அதுவும் கிறிஸ்துமஸ் நேரத்தில்.

ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். அங்கே வேலை செய்பவர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர் உண்டு. அந்தச் சுவரைத் தாண்டித் தாண்டியே இருவரும் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள். சுற்றிக்கொண்டு பாதை வழியாகப் போனதாக யாருக்கும் நினைவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு காட்டெருமை.

பயப்பட வேண்டாம், அது களிமண் காட்டெருமை. பெனிட்டாவின் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் கட்டுவார்கள். குடிலுக்குப் பாசி கொண்டுவருவது வனிதாவின் வேலை. வனிதா வீட்டில் கும்பிடுவது மாரியம்மனைத்தான். இருந்தாலும் எந்தப் பாறையில் பாசி மெத்தை மாதிரி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். இந்த முறை பாசியோடு தன் கையால் செய்த காட்டெருமை ஒன்றையும் கொண்டுவந்தாள். நிஜக் காட்டெருமைக்கு இருப்பது போலவே நான்கு காலுக்கும் சுண்ணாம்பு தடவி வெள்ளைக் காலுறை கூடப் போட்டிருந்தாள். அதைக் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது என்னத்துக்கு இங்க?" என்றாள் பெனிட்டா.

"மாடும் கழுதையும் மூச்சு விட்டுக் குழந்தைக்குச் சூடு கொடுத்துதுன்னு நீதான சொன்ன? காட்டெருமை மூச்சு இன்னும் நல்லாச் சூடா இருக்கும்."

"பெத்லகேம்ல காட்டெருமை எல்லாம் கிடையாது."

"ஏற்காட்டுல இருக்குதுல்ல. இது ஏற்காட்டுக் குடில்தான?"

நல்ல கேள்வி. பெனிட்டாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது சிலருக்குக் கோபம் வரும், பெனிட்டா அந்த ரகம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்க குடில். இதுல என்ன வைக்கோணும்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காட்டெருமையை எடுத்தாள். கொண்டுபோய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வனிதா செருப்புகளைப் பார்த்தாள். அப்புறம் குடிலைப் பார்த்தாள்.

"பாசி மட்டும் உங்க ஊட்டுதா?" என்று கேட்டாள். சுண்டுவிரலை நீட்டினாள். "காய்."

காய் விட்டால் பேசக் கூடாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, யாராவது ஒருவர் பழம் விடும்வரை பேசவே கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. சாதாரணமாக இவர்கள் இரண்டு பேரும் காலையில் காய் விட்டால் சாயங்காலம் பழம் விட்டுவிடுவார்கள். இந்தக் காய் கிறிஸ்துமஸைத் தாண்டியது. புத்தாண்டையும் தாண்டியது. இரண்டு வீட்டு அம்மாக்களும் கேக்கும் முறுக்கும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

புது வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் மறைக்கல்வி வகுப்பு. சிஸ்டர் பிலோமினா ஒரு கூடையோடு வந்தார். கூடையில் சிவப்புச் சிவப்பாகக் காபிப் பழங்கள். மலை முழுக்கப் பழம் பறிக்கிற காலம் அது.

"ஆளுக்கு ஒரு பழம் எடுங்க. பார்த்துப் பொறுக்கக் கூடாது" என்றார் சிஸ்டர்.

எல்லோரும் எடுத்து, ஒவ்வொருவராகப் பிதுக்கினார்கள். பழத்துக்குள் இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கத்தை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு கிடந்தன.

"ரெண்டு இருக்குதா? ஒண்ணை நீங்க நடுங்க. இன்னொண்ணை, இந்த வருஷம் யாரோட புதுசா ஆரம்பிக்கணும்னு உங்களுக்குத் தோணுதோ, அவங்களுக்குக் கொடுங்க. தினமும் தண்ணி ஊத்தும்போது ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க. ஈஸ்டர் அன்னைக்கு எல்லா நாத்தும் கோயிலுக்கு வரணும்."

"தினமும் ஒரே நன்றியைச் சொன்னாப் போதுமுங்களா சிஸ்டர்?" என்று கேட்டான் ரீகன்.

"உங்கம்மா தினமும் ஒரே குழம்பு வெச்சா நீ என்ன பண்ணுவ?"

"வேற கேட்பேனுங்க."

"அப்ப ஆண்டவருக்கும் வேற வேற வேணுமில்ல?"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பெனிட்டா கடைசியாகத் தன் பழத்தைப் பிதுக்கினாள். உருண்டையாக ஒரே ஒரு கொட்டை வந்து விழுந்தது. தோலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வேறு எதுவும் இல்லை.

"ஐய, ஒத்தக் கொட்டை" என்றான் ரீகன். அவனுடைய அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரி. அதனால் காபி விஷயத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு என்று ஒரு நினைப்பு. "எங்கப்பா விதைக்கு இதை எடுக்கவே மாட்டாரு. பொறுக்கித் தூரப் போட்டுருவாரு. இது முளைக்காது."

சிஸ்டர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு இலைகள்தான் உதிர்ந்தன.

"பழம் தீர்ந்துபோச்சே. உன் கணக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டக் கணக்கு, பெனிட்டா. நீயே ஒரு வழி கண்டுபிடி" என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், பெனிட்டாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். 'யாரோட புதுசா' என்று சிஸ்டர் சொன்னதுமே வனிதாவின் முகம் கூப்பிடாமலே வந்து அவள் மனதில் நின்றுவிட்டது. இப்போது ஒரே கொட்டைதான் என்பதால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கடவுளே பார்த்து ஒற்றையாகக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். காபிச் செடிகளுக்கு நடுவே வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சந்தோஷம் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

வீட்டில் அம்மா சகாயமேரி அடுப்புச் சாம்பல் எடுத்துக் கொடுத்தாள். விதையில் சாம்பல் தடவி நிழலில் காயவைக்க வேண்டும். அப்பா ஆண்டனி ராஜ் எஸ்டேட் ஜீப் டிரைவர். கொட்டையை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"எஸ்டேட்டுல இதைப் பீபெரின்னு சொல்லுவாங்க, சாமி. தனியாப் பொறுக்கி வறுப்பாங்க. காபி நொம்ப நல்லா இருக்குமாம்."

"முளைக்குமாப்பா?"

"ஜீப்பைப் பத்திக் கேளு, சொல்றேன்."

"நட்டுப் பார்க்காம எப்பிடிக் கண்ணு தெரியும்?" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் பெனிட்டா குடிலுக்கு முன்னால் முழங்காலிட்டாள்.

"இயேசப்பா, நீங்க ரெண்டு கொடுத்திருந்தா ஒண்ணை அவளுக்குக் கொடுத்திருப்பேன். ஒண்ணுதான் கொடுத்தீங்க. அதனால என் மேல தப்பில்லை. ஆமென்."

ஆமென் சொல்லிவிட்டாள். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கண் குடிலிலேயே நின்றது. குழந்தை இயேசு படுத்திருந்தது வனிதா கொண்டுவந்த பாசியின்மேல். இத்தனை நாள் கழித்தும் அது பச்சையாகவே இருந்தது. பனியில் வழுக்கும் பாறையில் ஏறிப் பறித்த பாசி. ஒவ்வொரு வருடமும் கொண்டுவருகிறாள், ஒரு வருடமாவது நன்றி சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. எழுந்துபோய் வாசலில் பார்த்தாள். செருப்புகளுக்குப் பக்கத்தில் காட்டெருமை இல்லை. வனிதா எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெனிட்டாவுக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து மறுபடியும் முழங்காலிட்டாள்.

"இயேசப்பா, பாசிக்கு நன்றி. அந்தக் கொட்டையை அவளுக்கே கொடுத்துடறேன். எனக்கு இல்லைன்னாலும் பரவாயில்லை."

இந்த முறை எழுந்திருக்க முடிந்தது.

கொட்டை காய்ந்ததும் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது? காய் விட்டவர்கள் பேசக் கூடாதே. தங்கை ஜெர்லின் இருக்கிறாள். பால்வாடிக்குப் போகிறவள், ஒரு தேன்மிட்டாய் கொடுத்தால் எந்தத் தூதும் போவாள்.

வனிதா சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெனிட்டா தங்கையின் காதில் சொன்னாள்.

"இதை அவகிட்டக் கொடு. என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான், அதை அவளுக்கே தர்றேன்னு சொல்லு."

ஜெர்லின் ஓடினாள். பாதி வழியிலேயே பாதி வார்த்தை கீழே விழுந்துவிட்டது போலும்.

"எங்கக்கா இந்த ஒண்ணுதான் தருவாளாம்" என்றாள்.

வனிதா கொட்டையை வாங்கிப் பார்த்தாள். எஸ்டேட் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? சிஸ்டர் நடுவதற்குப் பழம் கொடுத்த சங்கதியும் லைன் வீடு முழுக்கத் தெரிந்ததுதான்.

"ஒத்தக் கொட்டையா? முளைக்கறதை அவ வெச்சுக்கிட்டு, முளைக்காததை எனக்குத் தர்றாளாமா? வேண்டாம்னு போய்ச் சொல்லு."

ஜெர்லின் கொட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இந்தச் செய்தியை மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள்.

பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. இருந்த ஒன்றையே கொடுத்தும் இப்படிச் சொல்கிறாளே என்று பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் கிடந்த செருப்புகள் கண்ணில் பட்டன. காட்டெருமையை அங்கே வைத்தவளிடமிருந்து நல்ல கொட்டை வரும் என்று வனிதா எப்படி நம்புவாள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அம்மாவிடம் ஒரு நாற்றுப் பை வாங்கி, மண்ணும் மணலும் சாணி எருவும் கலந்து நிரப்பினாள். தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி நட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இந்தக் கொட்டைக்குத் தட்டைப் பக்கமே கிடையாது. அதனால் சும்மா படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடினாள். பையைத் தூக்கிக் குட்டைச் சுவரின் மேல் வைத்தாள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, சரியாக நடுவில்.

"ஜெர்லின்" என்று உரக்கச் சொன்னாள். "என்கிட்ட வேற கொட்டையே இல்லை. சிஸ்டர் கொடுத்த பழத்துல இருந்ததே இது ஒண்ணுதான். இனிமே இது என்னுதும் இல்லை, அவளுதும் இல்லை. ரெண்டு ஊட்டுது."

ஜெர்லின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்காக அவ்வளவு சத்தம் தேவையில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் ஓசை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

பெனிட்டா தினமும் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாள். நன்றியும் சொன்னாள். தோசைக்கு நன்றி. கணக்கு டீச்சர் வராததற்கு நன்றி. அப்பாவின் ஜீப் கொண்டை ஊசி வளைவில் நிற்காமல் ஏறியதற்கு நன்றி. இப்படியே போனது.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மண் முன்பே ஈரமாக இருந்தது. மறுநாள் காலையிலும் அப்படித்தான். பனி என்று நினைத்தாள். பனி பெய்தால் சுவரும் நனைந்திருக்க வேண்டுமே. சுவர் காய்ந்து கிடந்தது. அதற்கும் மறுநாள் பைக்குள் மண் சேறாகியிருந்தது. வெயில் படாமல் யாரோ ஒரு சில்வர் ஓக் கிளையையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இப்படி இரண்டு பேரும் இரண்டு வேளையும் ஊற்றினால் கொட்டை அழுகிப்போய்விடும்.

"ஜெர்லின், அவகிட்டப் போய்ச் சொல்லு. காலையில நான் ஊத்தறேன். சாயங்காலம் அவ ஊத்தட்டும்."

ஜெர்லின் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "எனக்குக் கால் வலிக்குது. நீயே போய்ச் சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஜெர்லின், சாயங்காலம் நான் ஊத்தறேன்னு சொல்லு."

"அவளுக்குக் கேட்டுருச்சு" என்றாள் ஜெர்லின். தூது வேலையை அத்தோடு விட்டுவிட்டாள்.

தூது போக ஆளில்லை. சட்டத்தையும் மீறக் கூடாது. இதற்கு வனிதாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் சுவருக்கு முன்னால் வந்து நின்று, பையைப் பார்த்துப் பேசினாள்.

"விதையே, நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்குது. யாருக்காவது ஞாபகம் இருக்குதோ என்னமோ."

பெனிட்டாவுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவளும் பையைப் பார்த்துச் சொன்னாள். "விதையே, எந்தப் பாடத்துலன்னு சொன்னா நல்லா இருக்கும்."

"பின்னம், விதையே."

விதையோடு பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அன்றிலிருந்து அந்த விதை எல்லாக் கதையும் கேட்டது. ஏற்காட்டு ஏரியில் ஒருவர் படகிலிருந்து செருப்பைத் தவறவிட்ட கதை, லைன் வீட்டுப் பின்னால் வந்த காட்டெருமையைப் பார்த்து, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மரத்தில் ஏறிய கதை, எல்லாம் கேட்டது.

ஒரு நாள் பெனிட்டா, "விதையே, தண்ணி ஊத்தறவங்க ஒரு நன்றி சொல்லிட்டு ஊத்தோணும்" என்றாள்.

"விதையே, நான் தினமும் எங்க மாரியம்மனுக்குச் சொல்லிட்டுத்தான் ஊத்தறேன்" என்றாள் வனிதா.

பெனிட்டா இதை எதிர்பார்க்கவில்லை. 'எங்க குடில்' என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. "நல்லதுதான், விதையே" என்றாள்.

பிப்ரவரி முடிகிற சமயம். மறைக்கல்வி வகுப்பில் ஒரே ஆரவாரம். ரீகனுடைய கொட்டை முளைத்துவிட்டது. மற்றவர்களுடையதும் ஒவ்வொன்றாக முளைத்தன. காபி முளைப்பதே ஒரு வேடிக்கை. பச்சைத் தண்டு ஒன்று கொட்டையையும் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணிலிருந்து எழுந்து நிற்கும். எஸ்டேட்டில் அதைத் தொப்பி என்பார்கள்.

"உன்னுது தொப்பி போட்டிருச்சா?" என்று ரீகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டான். பெனிட்டா இல்லை என்று தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. மெல்லிய குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். லேசாகத் தோண்டி, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று எண்ணினாள். குச்சி மண்ணைத் தொட்டதுதான் தாமதம், வனிதா ஒரே தாவலாகச் சுவரைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"தோண்டாத புள்ள."

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காய் விட்ட பிறகு வனிதா சுவரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நேராகப் பேசியதும் அதுதான் முதல் தடவை.

"நான் விதைகிட்டச் சொன்னேன்" என்றாள் வனிதா அவசரமாக.

"விதை எப்பிடித் தோண்டும்?"

வனிதா குச்சியை வாங்கித் தூர எறிந்தாள்.

"செத்துப்போச்சோ என்னமோ. பார்க்க வேண்டாமா?" என்றாள் பெனிட்டா.

"பார்த்தாச் செத்துப்போயிரும். வேரு இப்பத்தான் விட்டிருந்தா? தினமும் உங்க சாமிகிட்டக் கேக்கற. கேட்டுட்டு, நம்பாமக் குச்சியும் எடுத்துட்டு வர்ற."

சொல்லிவிட்டு மறுபடியும் தாவித் தன் பக்கம் போய்விட்டாள்.

பெனிட்டாவின் முகம் சிவந்தது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் ஜெபத்தில் எந்தக் கணக்கும் பேசவில்லை.

"இயேசப்பா, முளைக்கலைன்னாலும் சரிதான். அவ சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாளே, அதுக்கு நன்றி. இனிமேத் தோண்ட மாட்டேன். ஆனா முளைச்சா நல்லா இருக்கும், அதையும் சொல்லிட்டேன்."

மார்ச் மாதம் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. மழை விட்டுச் சில நாளில் மலை முழுக்கக் காபி பூத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. மல்லிகை மாதிரி ஒரு வாசனை வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானை வரை புகுந்தது. அப்படி ஒரு காலையில் ஜெர்லின் பல் தேய்த்துக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு சொன்னாள்.

"அக்கா, நம்ம கொட்டை எந்திரிச்சிருச்சு."

பெனிட்டா இந்தப் பக்கத்திலிருந்து ஓடினாள். வனிதா அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். பைக்குள் ஒரு தண்டு நிமிர்ந்து நின்றது. அதன் தலையில் குண்டாக, உருண்டையாக ஒரு தொப்பி. ரீகனுடைய தொப்பியை விடப் பெரிய தொப்பி.

"விதையே, தொப்பி இறுக்கமா இருக்குது போல. கழட்டி விடட்டுமா?" என்று வனிதா கையை நீட்டினாள்.

"விதையே, வேண்டாம். உள்ள இலை கிழிஞ்சிரும். தானாக் கழட்டிக்கும்" என்று பெனிட்டா கையை நடுவில் வைத்துத் தடுத்தாள். "குச்சியெடுத்தவளே பொறுமையா இருக்கறா. மத்தவங்களும் இருக்கோணும்."

வனிதா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளின் நாற்றெல்லாம் தொப்பியைக் கழற்றி இலை விட்டுவிட்டன. இவர்களுடையது மட்டும் தொப்பியோடு பிடிவாதமாக நின்றது. நாளைக் காலைப் பூசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெனிட்டாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இது இரண்டு வீட்டு நாற்று. இரண்டு பேரும் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும். வனிதா வராவிட்டால், நாற்று இருந்தும் ஒன்றுமில்லை. பழம் விட்டுவிடலாம்தான். ஆனால் காட்டெருமை விஷயத்தைச் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டினால் அது பொய்ப் பழம் என்று அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் வனிதா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பெனிட்டா இந்த முறை விதையைப் பார்க்கவில்லை. வனிதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வனிதா, உன்னோட காட்டெருமையைச் செருப்புகிட்ட வெச்சது தப்பு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சும்மா இருந்தேன். அதுவும் தப்பு. பாசிக்கும் இத்தனை வருஷமா உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்பச் சொல்றேன். நாளைக்குக் கோயிலுக்கு நீயும் வர்றியா?"

வனிதா தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பெனிட்டா சுவருக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் தோண்டக் கூடாது. இது விதைக்கு மட்டும் சொன்ன புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஈஸ்டர் காலை. கோயில் மணி அடித்தது. பெனிட்டா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரின் மேல், நாற்றுப் பைக்குப் பக்கத்தில், காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. கால்களில் சுண்ணாம்பு புதிதாகத் தடவப்பட்டிருந்தது. அதன் காலடியில் உருண்டைத் தொப்பி கழன்று விழுந்து கிடந்தது.

அந்த ஒற்றைக் கொட்டைக்குள்ளிருந்து இரண்டு இலைகள் வந்திருந்தன. இன்னும் முழுதாக விரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நேராக மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

ஜெர்லின் அக்காவின் கைக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அது பழம் விடுது" என்றாள்.

அந்தப் பக்கம் பச்சைப் பாவாடை தெரிந்தது. வனிதா தலைவாரிப் பூ வைத்துத் தயாராக நின்றிருந்தாள். சுவரைத் தாண்டி வந்தாள்.

"முதல்ல விட்டது நானில்லை. அதுதான்" என்று நாற்றைக் காட்டினாள். பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். பெனிட்டாவும் நீட்டினாள். ஜெர்லினும் நீட்டினாள், அவள் யாரோடும் காய் விடவில்லை என்றாலும்.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் நாற்றுகள் வரிசையாக இருந்தன. பையின் ஒரு பக்கத்தைப் பெனிட்டாவும் மறுபக்கத்தை வனிதாவும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காட்டெருமை ஜெர்லினின் கையில் வந்தது. ரீகன் எட்டிப் பார்த்தான்.

"ஒத்தக் கொட்டையா முளைச்சுது?" என்று கேட்டான். எங்கப்பா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, இரண்டு இலைகளையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சிஸ்டர் பிலோமினா குனிந்து நாற்றைப் பார்த்தார். "கஷ்டக் கணக்குக்கு விடை வந்துருச்சே. இது யாரோட நாத்து?"

"ரெண்டு ஊட்டுதுங்க சிஸ்டர்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பாட்டு ஆரம்பித்தது. பெனிட்டா கண்ணை மூடி நன்றி சொன்னாள். அன்றைக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வனிதா காதோடு கேட்டாள்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்தக் காட்டெருமை எங்க நிக்கும்?"

"குழந்தைக்குப் பக்கத்துல" என்றாள் பெனிட்டா. "ஏற்காட்டுல நொம்பக் குளிரும்ல."